ஒன்பதாம் நம்பர் காட்டுக்கு ஏறும் தாளம்

எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்து ஒன்பதாம் நம்பர் காட்டுக்கு ஒரு ஏற்றப் பாதை போகிறது. காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை. தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நம்பர் போட்டு அதைத்தான் காடு என்று சொல்லுவோம். எங்கள் எஸ்டேட்டில் ஒன்பதாம் நம்பர்தான் மிக உயரம். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் இருபது நிமிடத்தில் ஏறிவிடுவார்கள். நானும் இருபத்தாறு வருடம் அப்படித்தான் ஏறினேன். போன மழைக்காலத்தில் கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்து வலது முட்டி உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகு அதே பாதையில் ஏற எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவும் வெறும் கையோடு.

சில மாதங்கள் நர்சரியில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பி நாற்று வைப்பது. அந்த வேலைக்கு ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று சூப்பர்வைசர் நர்சரிக்கே வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். யாரையும் அதட்ட மாட்டார்.

"ஏனுங்கம்மா, ஒன்னாந் தேதியிலிருந்து நீங்க காட்டுக்கு வந்தாகணுங்க. ஒம்போதாம் நம்பருக்குத்தான் பேர் போட்டிருக்கு. ஏற முடியலீன்னா இப்பவே சொல்லீருங்க. எழுதிக் குடுத்தரலாம்."

எழுதிக் கொடுத்தால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். வீட்டில் ஒருவராவது பேர் பதிந்த தொழிலாளியாக இருந்தால்தான் லைன் வீட்டில் இருக்கலாம். என் கணவர் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அவர் இறந்து இரண்டரை வருடம் ஆகிறது. மகள் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். ஒரே அறையில் அவள், மருமகன், இரண்டு பிள்ளைகள், மாமியார். "வந்துருங்கம்மா" என்று போனில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துதான் இருந்தது. பக்கத்தில் மாமியார் இருந்திருப்பார்.

"ஏறிருவேங்க," என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். ஒன்றாம் தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது.

கூடலூர் ஆஸ்பத்திரியில் முட்டிக்குப் பயிற்சி சொல்லித் தருகிற பெண் மலையாளம் கலந்து பேசுவாள். நான் படியில் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"சேச்சி, காலுக்கு பலமொக்க வந்தாச்சு. பயம்தான் பாக்கி. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் நின்னு யோசிக்கிறீங்க. இஷ்டமான பாட்டு ஏதாச்சும் போட்டுட்டு நடந்து பாருங்க, கேட்டோ? வலி மறக்கும்."

இஷ்டமான பாட்டு எது என்று அவள் கேட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. "ஒன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

தினமும் காலையில் ஆறு மணிக்கு, மற்றவர்கள் எழுந்து அடுப்பு மூட்டும் நேரத்தில், நான் ஏறிப் பழகினேன். ஆள் பார்க்க நொண்டி நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. போனில் பாட்டைச் சத்தமாக வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். காதில் மாட்டுகிற வயர் எங்கள் பக்கம் ஆகாது. மூடுபனியில் காட்டெருமை பக்கத்தில் மூச்சு விடுவது கேட்க வேண்டும். நம் சத்தமும் அதற்குக் கேட்க வேண்டும்.

முதலில் மகள் ஏற்றிக் கொடுத்த சினிமாப் பாட்டுகளைப் போட்டேன். எனக்கு மிகவும் பிடித்தவைதான். ஆனால் ஏற்றத்தில் அவை உதவவில்லை. பாடுகிறவர் ஒரு இடத்தில் இழுப்பார், என் காலும் அங்கே நின்றுவிடும். சில பாட்டுகள் பழைய நாட்களைக் கொண்டுவந்தன. கல்யாணமான புதிதில் டவுனுக்குப் படம் பார்க்கப் போனது, திரும்பி வரும்போது ஜீப் கிடைக்காமல் நடந்தது. நான் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதுகொண்டிருப்பேன். முட்டி அதற்குள் ஆறிப்போய் மறுபடி இறுகிவிடும். சாமிப் பாட்டுகளும் போட்டுப் பார்த்தேன். அவற்றைக் கேட்டால் உட்காரத்தான் தோன்றியது. இரண்டு வாரத்தில் ஒரு மணி நேரத்திலிருந்து ஐம்பது நிமிடத்துக்குக் குறைந்தது. அவ்வளவுதான்.

அப்போதுதான் என் கணவரின் பழைய போன் ஞாபகம் வந்தது.

அவர் தப்பு மேளம் அடிக்கிறவர். ஐந்து பேர் கொண்ட செட். கோயில் திருவிழா, கல்யாணம், சாவு மூன்றுக்கும் போவார்கள். கூப்பிட வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவதற்காக மூன்றையும் போனில் பதிந்து வைத்திருந்தார். கோயில் தாளம் குதித்து ஆட வேண்டிய தாளம். அதற்கு நடந்து முட்டி வீங்கியதுதான் மிச்சம். கல்யாணத் தாளம் நின்று நின்று வரும். வழியில் மாப்பிள்ளைக்கு மாலை போடுகிறவர்களுக்காக நிற்கும் தாளம் அது. மூன்றாவது, இடுகாட்டுக்குத் தூக்கிப் போகும்போது ஏற்றத்தில் அடிப்பது.

எங்கள் இடுகாடு ஒன்பதாம் நம்பர் காட்டுக்கு மேலே, எஸ்டேட் எல்லையில் இருக்கிறது. நான் தினமும் ஏறிப் பழகிய அதே பாதையில்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். பெண்கள் போவதில்லை. பாதி வழியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதுவரை போய் நின்றுவிட்டுத் திரும்பிக் குளிக்கப் போய்விடுவோம். அதற்கு மேல் தாளம் மாறும். அந்த மாறிய தாளத்தைப் பெண்கள் தூரத்தில், மேலே போகப் போகக் குறைகிற சத்தமாகத்தான் கேட்டிருக்கிறோம்.

ஒரு தடவை நான் அவரிடம் கேட்டேன். "தொட்டிக்கு மேல யாரு அழுகுறாங்க, யாரு கேக்குறாங்க? எதுக்கு அவ்ளோ பலமா அடிக்கிறீங்க?"

அவர் சிரித்தார். "செத்தவருக்கா அடிக்கிறோம்? தூக்குறவனுக்கு அடிக்கிறோம். அந்த ஏத்தத்துல நாலு பேரு ஒரே மாதிரி கால் வைக்கணும். ஒருத்தன் யோசிச்சான்னா நாலு பேரும் விழுவாங்க. யோசிக்க விடக் கூடாது. அதான் எங்க வேல."

அந்தப் பதிவை முதல் தடவை போட்டபோது வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். சாவுத் தாளத்தை வீட்டில் போடக் கூடாது என்று தெரியும். ஆறு நிமிடம் ஓடுகிறது. ஐந்து தப்பு. அவற்றில் எது அவருடையது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சத்தத்துக்கு அடியில் ஆண்களின் மூச்சு, சரளைக் கல்லில் காலடி. ஒரு இடத்தில் யாரோ "தோள் மாத்து, தோள் மாத்து" என்கிறார். கடைசியில் தப்பு நின்று, ஒருவர் இருமி, காற்றுச் சத்தத்தோடு முடிகிறது.

மறுநாள் காலையில் தொட்டி வரை எதுவும் போடாமல் ஏறினேன். தொட்டிக்கு அருகில் நின்று சுற்றிப் பார்த்தேன். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் செடி தெரியவில்லை. போனை அழுத்தினேன்.

என்ன நடந்தது என்று சரியாகச் சொல்ல வேண்டும். எனக்குப் பலம் கூடிவிடவில்லை. வலியும் போகவில்லை. ஆனால் அடுத்த காலை எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்று முட்டி என்னைக் கேட்கும் அந்தக் கேள்வி நின்றுபோனது. கேட்பதற்கு இடைவெளி இல்லை. கேள்வி வருவதற்குள் கால் வைத்தாகிவிட்டது. மூச்சும் அந்தக் கணக்கிலேயே உள்ளே போய் வெளியே வந்தது. நான் ஏறவில்லை, என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றுதான் சொல்லுவேன். ஆறு நிமிடம் முடிந்து தாளம் நின்று அந்த இருமல் கேட்டவுடன், உடம்பின் கனம் முழுவதும் ஒரே நொடியில் முட்டியில் வந்து இறங்கியது. கத்திவிட்டேன். திரும்பப் போட்டேன். திரும்ப நடந்தேன்.

அன்று உச்சிக்குப் போய்ச் சேர்ந்து மணி பார்த்தால் முப்பத்தைந்து நிமிடம்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தொட்டிக்கு மேலே அந்தத் தாளத்துக்கு நடந்த பெண் நான் ஒருத்திதான். இறங்கி வந்து, சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் போலத் தலைக்குக் குளித்தேன். அதற்குப் பிறகு தினமும் ஏறினேன், தினமும் தலைக்குக் குளித்தேன். மூன்றாவது வாரம் இருபத்தைந்து நிமிடத்துக்கு வந்துவிட்டேன்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. சத்தமாக வைத்த தப்பு எனக்கும் காட்டெருமைக்கும் மட்டும் கேட்காது. பனி நாளில் பள்ளத்தாக்கில் சத்தம் சுற்றிச் சுற்றி வரும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

காலையில் எல்லோரும் கூடிப் பேர் கொடுக்கும் இடத்தைப் பெரட்டுக்களம் என்போம். சிலோனிலிருந்து எங்கள் அப்பா அம்மா கொண்டுவந்த வார்த்தை. நர்சரிக்குப் போகும் வழியில் ஒருநாள் அங்கே நின்றேன். பெண்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்தும் கேட்டுச்சு. நான் அடுப்புல தண்ணி வைக்கிறேன், மேல தொட்டிக்கிட்ட தப்பு அடிக்குது. யாரு செத்தான்னு வெளிய வந்து பாக்குறேன், லைன்ல ஒரு வீட்டுலயும் கூட்டம் இல்ல."

"ஒம் புருசன் கொறட்டை விட்டுருப்பான், போடி."

"அந்தாளு கொறட்டைக்குத் தாளமாடி இருக்கு? சத்தியமாச் சொல்றேன். சாவுத் தப்பு. ஏத்தத்துல அடிக்கிறது."

"ஒன்பதாம் நம்பருக்கு நான் முதல்ல போமாட்டேன். மேஸ்திரி வேணா முன்னால போகட்டும்."

"மேஸ்திரியா? அவரு பூன குறுக்க போனாலே லீவு போடுற ஆளு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு ஒருத்தி என்னைப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தி. தப்பு என்றால் எங்கள் எஸ்டேட்டில் என் கணவர் முகம்தான் எல்லோருக்கும் வரும். எனக்கு இடம் விட்டு விலகி நின்றார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான். கூட்டத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்க வாயைத் திறப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தும் கை தூக்காமல் இருந்தவள். தலையைக் குனிந்துகொண்டு நர்சரிக்குப் போனேன்.

இரண்டு நாள் ஏறவில்லை. மூன்றாவது நாள் முட்டி இறுகிவிட்டது. ஒன்றாம் தேதிக்கு எட்டு நாள்தான் இருந்தது. மறுபடி ஏறினேன். சத்தத்தைக் குறைத்து வைத்தேன். குறைத்தால் என் மூச்சுச் சத்தத்தில் தாளம் அமுங்கி, கால் தடுமாறியது. கொஞ்சம் கூட்டினேன். இன்னும் கொஞ்சம்.

பக்கத்து வீட்டு அக்கா எனக்கு நாலு வயது மூத்தவள். கொழுந்து எடுப்பதில் என் ஜோடி. வாய் பெரிய வாய், ஆனால் கட்டுப் போட்டிருந்த நாட்களில் எனக்குத் தண்ணீர் தூக்கியது அவள்தான். ஒரு சாயங்காலம் கஞ்சிச் சட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். சட்டி நிறைந்திருந்தது.

"மாமா சாப்பிடலையாக்கா?" என்று கேட்டேன். அவளுடைய மாமனார் எழுபதைத் தாண்டியவர். இடுப்புக்குக் கீழே பிடிப்பு வந்து ஒரு வருடமாகப் படுக்கை.

"நாலு நாளா வாயத் தெறக்க மாட்டேங்குறாரு. கேட்டா, 'எனக்குத் தப்பு அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க, இனி எதுக்குச் சோறு'ங்குறாரு. காலையில அவருக்கும் கேக்குதாம். நான் கெஞ்சிப் பாத்துட்டேன், திட்டிப் பாத்துட்டேன். எம் புள்ளைய வரச் சொல்லிப் போன் போட்டாச்சு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்காருவதற்கே நேரம் பிடித்தது.

"அக்கா, அது நான்."

"எது நீ?"

"தப்பு. போன்ல போட்டுக்கிட்டு ஏறுறேன். அது போட்டாத்தான் கால் வருது."

அவள் என்னையே பார்த்தாள். கண் விரிந்து, பிறகு சுருங்கியது. சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள்.

"அடி நாசமாப் போறவளே! ஒரு எஸ்டேட்டே ஒண்ணுக்குப் போக வெளிய வராமப் பயந்து கெடக்கு. நீ காலுக்குப் பயிற்சி செஞ்சியா? வேற பாட்டே கெடைக்கலியா உனக்கு? ஊர்ல எத்தனை பாட்டு இருக்கு!"

"எல்லாம் போட்டுப் பாத்துட்டேன்க்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வர, முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"செவ்வாக்கெழம எங்க இருந்து போட்ட? கிட்டக்கக் கேட்டுச்சே."

"செவ்வாக்கெழமயா? அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற நாளு. முதல் பஸ்ஸுக்கே போயிட்டேனே."

"போனு?"

"கையில இருந்துச்சு."

அக்கா சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வா, அந்தக் கெழவருக்கிட்ட சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாரு," என்றாள்.

பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா அவர் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் நம்பவில்லை என்று அசையாமல் இருந்ததிலேயே தெரிந்தது. நான் போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டேன். அந்தச் சிறிய அறைக்குள் அது பயங்கரமாகக் கேட்டது. அக்கா கதவைச் சாத்தினாள்.

அவர் மெதுவாக முகத்தைத் திருப்பினார். கண் மூடியிருந்தது. போர்வைக்குள் விரல்கள் அசைந்தன. "தோள் மாத்து" என்ற குரல் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"நான்தான் அது," என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

"தோள் மாத்தச் சொன்னது நான். முன்னால வலது பக்கம் தூக்குனது நான்." இன்னும் கொஞ்சம் கேட்டார். "மூணாம் லைன்ல கடைசி வீட்டுக் கெழவி. கனமே இல்ல, பஞ்சு மாதிரி. அதான் இவ்ளோ வெரசா அடிக்கிறானுக. கனமா இருந்தா இப்படி அடிக்க மாட்டானுக. தூக்குறவன் செத்துருவான்."

இத்தனை நாள் நான் யார் பின்னால் ஏறினேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை அதைக் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. தினமும் அந்தப் பாட்டியைத் தொட்டியிலிருந்து உச்சி வரை மறுபடி மறுபடி தூக்கிப் போக வைத்திருக்கிறேன்.

"கொழுந்து மூட்டையோட இந்த அடிக்கு ஏறாத, தாயி," என்றார் அவர். "முட்டி போயிரும். கனத்துக்கு அடி வேற. உம் புருசனுக்கு எப்படி அடிச்சாங்க? அவன் ஆளு பெருசு. ஆறு பேரு தூக்குனாங்க. நான் கூடத்தான் நடந்தேன், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல மூணு தடவ மூச்சு விட்டேன்." பிறகு அக்காவைப் பார்த்து, "ஏய், கஞ்சி ஆறிப்போச்சா?" என்றார்.

அவர் குடித்து முடிக்கும்வரை இருந்தேன். நான் கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்தார். "அப்ப எனக்கு அடிக்கல?"

"இல்லீங்க மாமா. எனக்குத்தான் அடிச்சுது."

சொன்ன பிறகுதான் அது என்ன பேச்சு என்று எனக்கே உறைத்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை.

மறுநாளே அக்கா பெரட்டுக்களத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். கேலி செய்தார்கள். "எங்களுக்கும் ரெண்டு பாட்டு ஏத்திக் குடு" என்றார்கள். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டார்கள். நான் அந்தப் பதிவை இனிப் போடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். போட்டால் ஒன்பதாம் நம்பருக்கு ஆள் வர மாட்டார்கள் என்று மேஸ்திரி சொன்னார். மீதி நாட்களில் பாட்டு இல்லாமல் ஏறிப் பார்த்தேன். ஒருநாள் நாற்பது நிமிடம். அடுத்த நாள் நாற்பத்திரண்டு. பேர் கொடுத்த பிறகு மேலே போய்ச் சேர அரை மணி நேரம்தான் தருவார்கள். அதற்குள் வராதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ராத்திரி படுக்கும்போது வீட்டின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு, இதை யாருக்குக் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒன்றாம் தேதி அன்று பனி இல்லை. அதனால் எல்லோரும் என்னைப் பார்க்க முடிந்தது. முப்பது பேருக்கு நடுவில், செடி கிழிக்காமல் இருக்கச் சேலைக்கு மேல் சுற்றும் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். தொட்டி வரை போவதற்குள் கூட்டம் என்னைத் தாண்டிவிட்டது. அக்கா மட்டும் எனக்காக மெதுவாக வந்தாள். முட்டி ஒவ்வொரு காலடிக்கும் கேட்டது. வைக்கவா, வேண்டாமா. வைக்கவா, வேண்டாமா. தொட்டியைத் தாண்டினோம். நான் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது.

எந்த இடத்தில் அது நின்றது என்று தெரியாது. முட்டி கேட்பது நின்றுவிட்டது. போன் வீட்டில் பெட்டிக்குள் இருந்தது. காதில் எதுவும் கேட்கவில்லை என்று உறுதியாகச் சொல்லுவேன். ஆனால் காலுக்குக் கேட்டது. அந்த மெலிந்த பாட்டியின் வேகத்தில் கால் போனது. முன்னால் போன பெண்களை ஒவ்வொருவராகத் தாண்டினேன். யாரையும் பார்க்கவில்லை.

உச்சியில் சூப்பர்வைசர் நோட்டோடு நின்றிருந்தார். மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, நர்சரியில ஓட்டப்பந்தயம் ஏதாச்சும் பழகிட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேர் எழுதினார்.

பத்துப் பேருக்குப் பின்னால் அக்கா வந்து செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எவன்டி தொரத்துனான் உன்னைய?" என்றாள்.

ஏறுவது பாதி வேலைதான். ஒன்பதாம் நம்பரில் எடுத்த கொழுந்தை, காட்டின் அடியிலிருந்து மேலே டிராக்டர் நிற்கும் ரோட்டுக்குத் தூக்கிப் போய் எடை போட வேண்டும். மூட்டையோடு ஏற முடிந்தால்தான் நாளைக்கும் பேர். அதைத்தான் எல்லோரும் பார்க்கக் காத்திருந்தார்கள். மத்தியானம் அக்கா மூட்டையைத் தூக்கி என் தலையில் வைத்தாள். "கொஞ்சம் கொறைச்சுக்கவா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஈரக் கொழுந்து. கழுத்து உள்ளே இறங்கியது.

முதல் பத்து அடி பழைய வேகத்தில் போகப் பார்த்தேன். முட்டி பிசகியது. பெரியவர் சொன்னது சரி. நின்றேன். நின்றால் மறுபடி கிளம்ப முடியாது என்று தெரியும். பின்னால் யாரோ "போச்சு" என்றார்கள்.

அப்போது கால் தானாக எடுத்து வைத்தது. ஒரு காலடி. நீண்ட இடைவெளி. மூன்று தடவை மூச்சு. அடுத்த காலடி. மறுபடி மூன்று மூச்சு. முட்டிக்கு அது வலித்தது, ஆனால் தாங்கியது. அப்படியே ஏறினேன். எத்தனை நேரம் என்று பார்க்கவில்லை. மூட்டை என் தலையில் இருந்தது, ஆனால் அதை நான் ஒருத்தி தூக்கவில்லை.

அந்த மெதுவான தாளம் போனில் இல்லை. அதை என் கணவர் அடித்ததில்லை. அது அவருக்கு அடித்தது. நான் தொட்டி அருகில் நின்று, மேலே போகப் போகக் குறைவதாகத்தான் அதைக் கேட்டேன். இப்போது அது குறையவில்லை. நான் ஏற ஏற, அதே தூரத்தில், கொஞ்சம் முன்னால் இருந்துகொண்டே வந்தது.

எடை போடும் இடத்தில் மூட்டையை இறக்கியபோது அக்கா என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "காலையில பறந்த. இப்ப ஊர்வலம் மாதிரி வர்ற," என்றாள். மறுநாள் பேர் கொடுக்கப் போனேன். எழுதினார்கள்.

வீடு எனக்கு இருக்கிறது. முட்டியும் பரவாயில்லை. ஆஸ்பத்திரிப் பெண் கடைசியாகப் பார்த்தபோது, "ஏது பாட்டு சேச்சி, எனக்கும் சொல்லித் தாங்க" என்றாள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சமதரையில் எதுவும் இல்லை. மூட்டையோடு ஏற்றத்தில் போகும்போது மட்டும் அது வருகிறது. அப்போது நான் தலையை நிமிர்த்துவதில்லை, காலடியை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறுவேன். தப்பு அடிக்கிறவர்கள் எப்போதும் முன்னால்தான் போவார்கள்.